பிறந்தநாள் பங்காளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரதியாரும் விஸ்வநாதன் ஆனந்தும் ஒரே தேதியில் பிறந்தவர்கள். எம்ஜிஆரும் அமெரிக்காவின் கள்ளச்சாராய மன்னன் அல் கபோனும் அப்படியே. இந்தப் பேச்சை எந்த வீட்டில் எடுத்தாலும் காபி ஆறிப்போகும் வரை பேச்சு ஓயாது. கேள்விகள் மட்டும் சொல்லிவைத்ததுபோல் அவையேதான் வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேதி ஒத்துப்போவது மிகச் சாதாரணம். ஒத்துப்போன இருவர் வாழ்க்கையில் எங்காவது எதிரெதிரே வந்து நின்றார்களா என்று தேடுவதில்தான் எனக்கு ருசி.

பிரபலங்கள் இத்தனை பேர் ஒரே நாளில் பிறந்திருப்பது அதிசயம் இல்லையா?

இல்லை. கணக்குப் போட்டால் அதிசயம் கரைந்துவிடும். ஓர் அறையில் 23 பேர் இருந்தால் போதும், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. சரியாகச் சொன்னால் 50.7 சதவீதம். 57 பேர் என்றால் 99 சதவீதம்.

வருடத்துக்கு 365 நாள் இருக்கும்போது 23 பேர் எப்படிப் போதும் என்று எல்லோரும் புருவத்தை உயர்த்துவார்கள். ஆட்களை எண்ணுவதால் வரும் திகைப்பு அது. எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற 22 பேருடன் ஒப்பிட்டால் 253 ஜோடிகள் வருகின்றன. அத்தனை ஜோடிகளில் ஒன்றாவது பொருந்துவதில் வியக்க என்ன இருக்கிறது?

இந்தக் கணக்குப்படி 234 உறுப்பினர்கள் உட்காரும் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பிறந்தநாள் பங்காளிகள் இல்லாமல் இருப்பது நடைமுறையில் நடக்காத காரியம். 543 இடங்கள் நிறைந்த மக்களவையிலோ வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பதே 366 தேதிகள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எத்தனை முறை வெளிநடப்பு செய்தாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயே ஆகவேண்டும்.

நம் பிரதமர்களில் யாராவது இருவர் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்களா?

ஒருவரும் இல்லை. இடைக்காலப் பிரதமராக இருந்த குல்சாரிலால் நந்தாவையும் சேர்த்தால் மொத்தம் 15 பேர். அந்த எண்ணிக்கைக்கு வாய்ப்பு கால்வாசிதான். ஆகவே நாம் ஏமாற்றப்படவில்லை. நந்தா பிறந்தது 1898 ஜூலை 4. அந்தத் தேதியில் பிறந்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ். சுதந்திர தினத்தில் பிறந்த ஜனாதிபதி என்று அமெரிக்கர்கள் அவரைக் கொண்டாடும்போது நாமும் ஓர் ஓரமாக நின்று நந்தாவுக்குக் கைதட்டலாம்.

அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்தவர்கள் 45 பேர். அங்கே ஒரு ஜோடி தேறியது: ஜேம்ஸ் போல்க், வாரன் ஹார்டிங். இருவரும் நவம்பர் 2. ஹார்டிங் பிறந்தது 1865. அதிலிருந்து நாள் பிசகாமல் நூறு வருடம் கழித்து 1965 நவம்பர் 2 அன்று டெல்லியில் பிறந்தவர் ஷாருக் கான். இன்றைக்கு நவம்பர் 2 வந்தால் மும்பையில் யார் வீட்டு வாசலில் கூட்டம் கூடுகிறது என்பதை எல்லோரும் அறிவோம். ஹார்டிங்குக்காக ஒரு சைக்கிள்கூட நிற்காது.

ஒரே தேதி மட்டும் இல்லாமல் ஒரே வருடமும் பொருந்திய பிரபலங்கள் உண்டா?

உண்டு. உலகம் முழுவதும் சொல்லும் ஜோடி ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும். இருவரும் 1809 பிப்ரவரி 12. லிங்கன் கென்டக்கியில் ஒரு மரக்கட்டைக் குடிசையில். டார்வின் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் வசதியான மருத்துவர் வீட்டில். இருவரும் சிறுவயதிலேயே தாயை இழந்தார்கள். இருவரும் அடிமை முறையை வெறுத்தார்கள். இன்று நமக்கு அவர்களை அடையாளம் காட்டும் தாடியை இருவரும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வளர்த்தார்கள். லிங்கனுக்கு தாடி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி. டார்வினுக்கு அப்படிக் கடிதம் தேவைப்படவில்லை. தாடி தானாகவே பரிணமித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை என்பது எனக்கு இன்றும் குறைதான்.

நமக்கு அதைவிட நெருக்கமான ஜோடி ஒன்று இருக்கிறது. ஏனோ யாரும் பேசுவதில்லை. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11 அன்றே, அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்; 1954-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பாரதி 38 வயதில் போய்விட்டார். போர்ன் 87 வரை இருந்தார். ஒரே நாளில் பிறந்தால் ஒரே தலையெழுத்து என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் அவர்கள் முன்னால் வையுங்கள்.

இன்னும் இருக்கிறது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வேலை இழந்த போர்னை, 1935-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் நம் சர் சி.வி. ராமன். பாரதியின் பங்காளி சுமார் ஆறு மாதம் பெங்களூரில் குடியிருந்திருக்கிறார்! பின்னாளில் படிகங்களில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பற்றி ராமனுக்கும் போர்னுக்கும் பெரிய கருத்துச் சண்டை மூண்டது தனிக்கதை. பாடகி ஒலிவியா நியூட்டன் ஜான் இதே போர்னின் பேத்தி என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நம்பலாம்.

பிரபலங்கள் அதிகம் பிறந்த தேதி எது? எதற்கு முதல் பரிசு?

எண்ணிக்கையில் எது முந்தும் என்பது யாரைப் பிரபலம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் என் வாக்கு நவம்பர் 7-க்குத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அந்தத் தேதியில் பிறந்தவர்களைப் பாருங்கள். மேரி கியூரி, 1867: இயற்பியலுக்கு ஒரு நோபல், வேதியியலுக்கு ஒரு நோபல். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1888: இயற்பியல் நோபல், 1930. கான்ராட் லாரன்ஸ், 1903: வாத்துக்குஞ்சுகள் தாயென்று நம்பிப் பின்னாலேயே வரிசையாக நடந்த விஞ்ஞானி, மருத்துவ நோபல், 1973. ஆல்பர்ட் காம்யூ, 1913: இளமையில் அல்ஜீரியாவில் கால்பந்து கோல்கீப்பர், பின்பு இலக்கிய நோபல், 1957. எரிக் காண்டெல், 1929: கடல் நத்தை ஒன்றை வைத்து நினைவாற்றலின் ரகசியத்தைத் துருவியவர், மருத்துவ நோபல், 2000. ஒரே தேதியில் ஐந்து பேர், ஆறு நோபல் பரிசுகள். ஸ்டாக்ஹோமில் இவர்களுக்கென்று ஒரு பெஞ்சை நிரந்தரமாகப் போட்டுவைத்திருக்கலாம்.

அதே தேதியில்தான் 1954-ல் பரமக்குடியில் கமல்ஹாசன் பிறந்தார். ஒரே ஆளாகப் பத்து வேடம் போடக்கூடியவர் பிறப்பதற்கு, இயற்பியலும் வேதியியலும் மருத்துவமும் இலக்கியமும் கூடி உட்கார்ந்திருக்கும் இந்தத் தேதியைவிடப் பொருத்தமான தேதி உண்டா? ராமன் இருக்கும் தேதியில் பிறந்த இன்னொரு தமிழருக்கு அதற்குக் குறைந்த ஆசை இருந்திருக்கவும் முடியாது.

கொள்கையில் எதிரெதிர் துருவங்கள் ஒரே நாளில் பிறந்ததுண்டா?

செப்டம்பர் 17. தந்தை பெரியார், 1879, ஈரோடு. நரேந்திர மோடி, 1950, வட்நகர். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கமே சொல்லிவிடும். ஒரு பக்கம் சமூக நீதி நாள் உறுதிமொழி. மறு பக்கம் பிரதமருக்கு வாழ்த்து. வாழ்த்துப் பலகை அச்சடிக்கும் கடைக்காரர்களுக்கு மட்டும் கொள்கை வேறுபாடே கிடையாது. அன்று அவர்களுக்கு இரட்டைத் தீபாவளி.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பெரியாரிடமிருந்து பிரிந்த அண்ணா, புதுக் கட்சியான திமுகவைத் தொடங்க 1949-ல் தேர்ந்தெடுத்ததும் பெரியாரின் பிறந்தநாளையே. ஆகவே மோடி பிறந்த நாள், திமுகவின் முதலாம் ஆண்டு நிறைவு நாள்! இரு கட்சிக்காரர்களும் இதை நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு அதே தேதியில் ஓவியர் எம்.எஃப். உசேனும் (1915) சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினும் (1986) இருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாத பந்தை வீசுபவர் இந்தத் தேதியில் பிறந்ததுதான் நியாயம்.

தமிழ்த் திரையுலகப் பங்காளிகள் யார்?

இங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஜூன் 24. கண்ணதாசன் பிறந்தது 1927-ல், காரைக்குடிப் பக்கத்தில் சிறுகூடல்பட்டி. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928-ல், பாலக்காட்டுப் பக்கத்தில் எலப்புள்ளி. கவிஞருக்குச் சரியாக ஒரு வயது நிறைந்த அன்று அவருடைய இசையமைப்பாளர் பூமிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இதைவிடச் சிறந்த முதல் பிறந்தநாள் பரிசை எந்தக் குழந்தையும் வாங்கியிருக்காது. பாட்டு வருகிறதா, மெட்டு வருகிறதா என்று ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்த கதைகள் ஏராளம்; ஆனால் முதன்முதலில் காத்திருந்தவர் கவிஞர்தான், ஒரு முழு வருடம். லயனல் மெஸ்ஸியும் ஜூன் 24 (1987). மூவரும் எதையாவது தட்டிவிட்டால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும்.

அடுத்தது இளையராஜா. பிறந்தநாள் ஒன்றாக இருந்தால் கொண்டாடுவார்கள். இவர் தன் பிறந்தநாளையே நகர்த்திவிட்டார். அவர் பிறந்தது ஜூன் 3. கலைஞர் கருணாநிதி பிறந்ததும் ஜூன் 3 (1924). அன்றைய வாழ்த்துகள் எல்லாம் கலைஞருக்கே போகட்டும் என்று தன் கொண்டாட்டத்தை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். தனக்கு 'இசைஞானி' என்ற பட்டம் தந்தவருக்கு ஒரு நாளையே திருப்பித் தந்துவிட்டார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் நகர்ந்து போன இடத்திலும் அவருக்குத் தனிமை கிடைக்கவில்லை: ஜூன் 2 மணிரத்னத்தின் பிறந்தநாள் (1956). மணிரத்னத்தின் முதல் படத்துக்கு இசையமைத்தவரே இளையராஜாதான். ஜூன் 4-க்குத் தள்ளியிருந்தாலும் அங்கே எஸ்.பி. பாலசுப்ரமணியம் (1946) உட்கார்ந்திருக்கிறார். ஜூன் மாதத்தின் அந்த வாரத்தில் ராஜா எந்தப் பக்கம் போனாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார்.

டிசம்பர் 12-ல் ரஜினிகாந்த் (1950), அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா (1915), யுவராஜ் சிங் (1981). மூவருக்கும் நடையிலேயே ஒரு தோரணை உண்டு. முகத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அலறும் உலகப் புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டிய எட்வர்ட் மூங்க்கும் (1863) இதே தேதிதான். முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் கிடைக்காத ரசிகனின் முகத்தை அவர் முன்கூட்டியே வரைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஜிஆரும் அல் கபோனும் உண்மையிலேயே ஒரே நாளா?

உண்மையிலேயே. ஜனவரி 17. எம்ஜிஆர் 1917-ல் இலங்கையில்; கபோன் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில். திரையில் சிகரெட்டையும் மதுவையும் தொடாத நாயகன் என்று பெயர் எடுத்தவரும், மதுவிலக்கு காலத்தில் சிகாகோவையே சாராயத்தில் மிதக்கவிட்டவரும் ஒரு தேதிக்குள் குடியிருக்கிறார்கள். எம்ஜிஆர் படங்களில் கடைசிக் காட்சியில் உதை வாங்கும் எல்லா வில்லன்களுக்கும் கபோன் தாத்தா முறை. நிஜத்தில் அவரைப் பிடித்தது நாயகனின் வாள் அல்ல, வருமான வரித்துறை. 1931-ல் வரி ஏய்ப்பு வழக்கில்தான் சிறைக்குப் போனார்.

ஆனால் அந்தத் தேதியில் எம்ஜிஆருக்கு ஏற்ற பங்காளி வேறொருவர்: முகமது அலி, 1942. இவர்கள் சந்தித்தே விட்டார்கள்! 1980-ல் அலி சென்னைக்கு வந்து, முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் குத்துச்சண்டை போட்டார். முதல்வர் எம்ஜிஆரும் அங்கே இருந்தார். பல வருடம் திரையில் சண்டை போட்டவரும், உலகமே பார்க்க நிஜச் சண்டை போட்டவரும் ஒரே மேடையில். இருவரும் ஜனவரி 17. அன்று அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

பிப்ரவரி 29-ல் பிறந்த பிரபலங்கள் உண்டா? அவர்கள் எப்போது கொண்டாடுவார்கள்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு வருடம் கழித்து 1900-ல் அவருக்கு முதல் பிறந்தநாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூறால் வகுபடும் வருடம், நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம்; 1900 அந்தத் தேர்வில் தோற்றுவிட்டது. ஆகவே குழந்தை மொரார்ஜி எட்டு வயது வரை காத்திருந்தார். அவருடைய முதல் அசல் பிறந்தநாள் 1904 பிப்ரவரி 29 அன்று வந்தது. அன்றைக்குத்தான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார்! பின்னாளில் பரதநாட்டியத்தை மேடையேற்றி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அதே ருக்மிணி தேவி அருண்டேல்.

இவர் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். மிருகவதைத் தடுப்புக்காக அங்கே தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1960-ல் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தார். மொரார்ஜியும் தீவிர சைவர். ஆய்வுக்கூடங்களுக்கு இந்தியக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது அவருடைய அரசு. 1977-ல் மொரார்ஜி 81 வயதில் பிரதமரானார். ஜனாதிபதி பதவிக்கு ஆள் தேட வேண்டி வந்தது. யாரைக் கேட்டார்? ருக்மிணி தேவியை. கோடிக்கணக்கான மக்கள் இருக்கும் நாட்டில், நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேதிக்காரர் ஒருவர், அதே தேதிக்காரரை ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். ஒத்துக்கொண்டு வென்றிருந்தால் இந்தியாவின் முதல் பெண் ஜனாதிபதியும் பிரதமரும் ஒரே பிறந்தநாள்காரர்களாக இருந்திருப்பார்கள். 1980 பிப்ரவரி 29-ல் ஒரே கேக்கை வெட்ட வேண்டிய நிலைமைகூட வந்திருக்கலாம், முட்டை சேர்க்காத கேக்தான். ஆனால் அதற்குள் மொரார்ஜியின் ஆட்சியும் போய்விட்டது.

99 வயது வரை வாழ்ந்த மொரார்ஜி கண்ட அசல் பிறந்தநாட்கள் 23. இத்தாலிய இசைமேதை ரோசினியும் இதே தேதி (1792). 1800-ம் லீப் வருடம் இல்லாததால் அவருக்கும் எட்டு வருடப் பட்டினி ஒன்று உண்டு. 76 வயதில் இறந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 18 மட்டுமே.

கிரிக்கெட்காரர்களைச் சொல்லவில்லையே?

டிசம்பர் 6-ஐ எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.பி. சிங் (1985), ரவீந்திர ஜடேஜா (1988), கருண் நாயர் (1991), ஜஸ்பிரித் பும்ரா (1993), ஸ்ரேயாஸ் ஐயர் (1994). ஐந்தும் இந்திய அணிக்கு ஆடியவர்கள். இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபையும் (1977) நியூசிலாந்தின் கிளென் பிலிப்ஸையும் (1996) சேர்த்தால், விக்கெட் கீப்பரும் கிடைத்துவிடுகிறார். சேப்பாக்கத்தில் முச்சதம் அடித்த கருண் நாயர் இருப்பதால் போட்டியை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்கோர் எழுத, இதே டிசம்பர் 6-ல் பிறந்த வேத அறிஞர் மாக்ஸ் முல்லரை (1823) அழைப்போம். இந்தியாவுக்கு வராமலே ரிக் வேதம் முழுவதையும் பதிப்பித்தவருக்கு ஐந்து நாள் ஸ்கோர் எம்மாத்திரம்?

ஏப்ரல் 24-க்கும் ஒரு வணக்கம்: ஜெயகாந்தன் (1934), சச்சின் டெண்டுல்கர் (1973). ஒருவர் பேச ஆரம்பித்தால் அரங்கம் அதிரும். மற்றவர் பேசாமலே அதிரவைப்பார்.

பெரிய ஆளின் பிறந்தநாளில் பிறந்து ஓரங்கட்டப்பட்டவர்கள் உண்டா?

உண்டு. இது கொஞ்சம் வலிக்கும் கேள்வி. செப்டம்பர் 5 என்றால் பள்ளிகளில் ஆசிரியர் தினம், டாக்டர் ராதாகிருஷ்ணன் (1888). அதே நாளில் 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையை, ரோஜாப்பூ கொடுக்கும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் விட்டவர் அவர்! இரண்டு பேருக்கும் சேர்த்து விழா எடுக்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கப் போவதில்லை, வகுப்பு நடக்காதே.

அக்டோபர் 2-ல் காந்தியின் நிழலில் நிற்பவர் லால் பகதூர் சாஸ்திரி (1904). நேருவுக்குப் பின் அவரைப் பிரதமராக்கியதில் பெரும்பங்கு காமராஜருடையது. அந்தக் காமராஜர் 1975-ல் மறைந்ததும் அக்டோபர் 2 அன்றுதான்.

சான்றிதழில் உள்ள பிறந்தநாளை நம்பலாமா?

பிரபலங்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. பழைய காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்க்கும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். தேதியைத் தலைமை ஆசிரியரே பார்த்து எழுதிவிடுவார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே! அதனால் நம் தாத்தாக்கள் பலர் சான்றிதழ்களில் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருக்கிறார்கள். எந்த வீட்டிலும் ஒருவராவது தேறுவார்.

ஜனாதிபதியாக இருந்த கே.ஆர். நாராயணன் கதையும் இதுதான். பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன மாமாவுக்குத் தேதி தெரியவில்லை. 1920 அக்டோபர் 27 என்று தோன்றியதைச் சொல்லிவிட்டார். நாராயணனும் அதையே வைத்துக்கொண்டார். அக்டோபர் 27 அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பிறந்த நாள். வாய்க்கு வந்த தேதியைச் சொல்லும்போதும் ஜனாதிபதிக்கு உரிய தேதியைச் சொன்ன மாமா வாழ்க!

நட்சத்திரப்படி கொண்டாடுபவர்களுக்குப் பங்காளிகள் உண்டா?

தாராளமாக. பன்னிரண்டு மாதம், 27 நட்சத்திரம், பெருக்கினால் 324. ஆங்கிலத் தேதியைவிட எளிதாகவே பங்காளி கிடைப்பார். ராஜராஜனுக்கு ஐப்பசி சதயம், ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை என்று சோழர்கள் தந்தையும் மகனும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

தத்துவவாதிகளால் அது முடியவில்லை. எல்லாம் ஒன்றே என்று அத்வைதம் சொன்ன ஆதிசங்கரருக்கும் மரபுப்படி திருவாதிரை. அவரை எதிர்த்து விசிஷ்டாத்வைதத்தை நிலைநாட்டிய ராமானுஜருக்கும் சித்திரைத் திருவாதிரை. பல ஆண்டுகளில் இருவர் ஜெயந்தியும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. 'இரண்டும் ஒன்றுதான்' என்று சங்கரர் பக்கம் சொல்லும். 'ஒன்றுதான், ஆனால் வேறுபாடு உண்டு' என்று ராமானுஜர் பக்கம் திருத்தும். பிரசாதம் இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த தேதி இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. முன்பு ஐரோப்பாவில் இரண்டு காலண்டர்கள் புழங்கின. நியூட்டன் இங்கிலாந்தின் பழைய காலண்டரில் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். புதிய காலண்டரில் 1643 ஜனவரி 4. எம்ஜிஆரின் இன்னொரு பங்காளியான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிறந்தபோது தேதி ஜனவரி 6. காலண்டர் மாறிய பின் ஜனவரி 17 ஆனது. இல்லையென்றால் ஏ.ஆர். ரகுமானுடனும் கபில் தேவுடனும் சேர்ந்திருப்பார். இரண்டு பக்கமும் நல்ல கூட்டணிதான்.

கூத்தின் உச்சம் ட்ராட்ஸ்கி. நவம்பர் 7-ல் பிறந்தவர் (1879). 1917-ல் அவர் முன்னின்று நடத்திய ரஷ்யப் புரட்சியும் நவம்பர் 7. ஆனால் பழைய காலண்டரில் அவர் பிறந்தது அக்டோபர் 26. புரட்சி அக்டோபர் 25. இரண்டு காலண்டர்களுக்கும் இடையே இருந்த 12 நாள் வித்தியாசம் அதற்குள் 13 ஆகிவிட்டது. அன்றைய ரஷ்யக் காலண்டரைப் பார்த்தால் புரட்சி அவர் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டது.

ஒரே நாளில் பிறந்தவர்களுக்கு ஒரே குணம் இருக்குமா?

இருக்காது. இதற்கு ஸ்டீஃபன் ஹாக்கிங்கே பதில் சொல்லியிருக்கிறார். கலிலியோ இறந்து சரியாக 300 வருடம் கழித்து, 1942 ஜனவரி 8-ல் பிறந்தவர் அவர். இதைப் பெருமையோடு சொல்லிவிட்டு, அன்றைக்குச் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஜனவரி 8 எல்விஸ் பிரஸ்லி பிறந்த தேதியும்கூட (1935). கருந்துளையும் ராக் அண்ட் ரோலும் ஒரே குணம் என்றால் எந்த ஜோதிடரிடமும் வாதாட நான் தயார்.

குணம் மோதும் பங்காளிகள் நேரில் சந்தித்தால் என்ன ஆகும்?

1900-ல் நியூயார்க்கில் நடந்தது. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு 26 வயது. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் நடத்திய போயர் போரில் சிறையிலிருந்து தப்பிய சாகசத்தைச் சொல்ல அமெரிக்கா வந்திருந்தார். மேடையில் அவரை அறிமுகம் செய்தவர் 65 வயது மார்க் ட்வைன். இருவரும் நவம்பர் 30. பன்னிரண்டே நாளுக்கு முன்புதான் இருவருக்கும் ஒரு வயது கூடியிருந்தது. அந்தப் போரே தவறு என்று நினைத்த ட்வைன், அறிமுக உரையிலேயே அதைச் சொல்லிவிட்டார். கூடவே, தந்தை ஆங்கிலேயர், தாய் அமெரிக்கர் என்பதால் இவர் ஒரு முழுமையான மனிதர் என்றும் மெச்சினார். தட்டியும் கொடுத்தார், குட்டும் வைத்தார்; பெரியப்பா முறைக்கு வேண்டிய இரண்டையும் செய்தார். நம் ஜெகதீஷ் சந்திர போஸும் இதே தேதி (1858).

என் தேதியில் பிறந்த சாதாரண மனிதர் ஒருவரைப் பார்க்க எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

23 போதாது, அது யாராவது இருவருக்கான கணக்கு. உங்கள் தேதியே வேண்டும் என்றால், பாதி வாய்ப்புக்கு 253 பேரைக் கேட்க வேண்டும். ஓர் உறவினர் வீட்டுத் திருமணம் போதும். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பெயரும் ஊரும் கேட்கும்போதே பிறந்த தேதியையும் கேட்டுவிடலாம். பிப்ரவரி 29-காரர்கள் மட்டும் இரண்டு மூன்று முகூர்த்த சீசன்களுக்கு நாற்காலியை மடக்க வேண்டாம்.